ஓரத்தில் எதுவும் எழுதக் கூடாது

எங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிக்குழுக் கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவள் நான். பெயர் ஸ்லாவ்கா. பதினேழு வருஷமாக எழுதுகிறேன். அதற்குக் கண்டிப்பான விதி ஒன்றே ஒன்றுதான். தாளின் இடதுபக்கம் மூன்று சென்டிமீட்டர் ஓரம் விட வேண்டும், அந்த ஓரத்தில் எதுவும் எழுதக் கூடாது. ஏன் என்று ஒருதரம் கேட்டேன். கோப்பில் கோக்கத் துளை போட என்றார்கள். துளைக்கு ஒரு சென்டிமீட்டர் போதுமே என்றேன். விதியில் மூன்று என்று இருக்கிறது என்றார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி, போகப் போக உங்களுக்கே தெரியும்.

வெலிச்கா ஹலாச்சேவாவுக்கு நேர்ந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஐம்பத்து நான்கு வயது. மூன்றாம் மாடியில் ஹீட்டர் வேலை செய்யாத ஓர் அறையில் இருபத்திரண்டு வருஷமாகக் கம்பளிச் சால்வையும் தானுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் படித்ததெல்லாம் பழைய கோயில் புத்தகங்களின் ஓரங்களை. அந்தக் காலத்தில் எங்கள் மலைப்பக்கத்துப் பாதிரிகளுக்குக் காகிதத்துக்கு எங்கே போவது? மனசில் பாரம் ஏறினால் ஜெபப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைப்பார்கள். ஆலங்கட்டி விழுந்தது, வெட்டுக்கிளி வந்தது, வரிக்காரன் ஆட்டைக் கொண்டுபோனான், ஒயின் புளித்துவிட்டது. முடிக்கும்போது எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி முடிப்பார்கள்: படிக்கிறவர்களே, திட்டாதீர்கள், கை சரியில்லை.

வெலிச்கா ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் இவற்றையெல்லாம் படியெடுத்து, எழுநூறு பக்கத்தில் எங்கள் மொழியில் ஒரு புத்தகம் போட்டாள். எங்கள் ஊர் அச்சகத்தில்தான். அதில் ஒரு குறிப்பை எனக்கு முதல்முதலாகப் படித்துக் காட்டியபோது நான் பனித்சா தின்றுகொண்டிருந்தேன். பாதியில் கீழே வைத்துவிட்டேன். நெடெல்கோ என்கிற பாதிரி 1738இல் எழுதியது:

"இன்று என் மகள் ஸ்தானா செத்தாள். கொள்ளைநோய். குழி தோண்ட ஊரில் ஆளில்லை. நானே தோண்டினேன். நிலம் உறைந்து கிடந்தது. படிக்கிறவர்களே, திட்டாதீர்கள், கை நடுங்குகிறது."

அவ்வளவுதான். ஸ்தானா என்று ஒருத்தி பூமியில் இருந்தாள் என்பதற்கு இந்த ஆறு வரியை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

ஐந்தாண்டு மதிப்பீடு வந்தது. தலைநகர் சோபியாவில் மேலிடத்திலிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. எந்த இதழில் எழுதினால் எத்தனை புள்ளி என்று அதில் போட்டிருக்கும். வெலிச்காவின் எழுநூறு பக்கத்துக்கு எத்தனை புள்ளி என்று தேடினேன். பூஜ்யம். அச்சகம் பட்டியலில் இல்லை, மொழியும் இல்லை. பட்டியலில் இருக்கிற இதழில் ஒரு கட்டுரையாவது வராவிட்டால் வேலை போய்விடும். அவளுக்குப் பென்ஷன் வர இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது.

ஆய்வுத் தரத்துக்கும் புலப்படுதலுக்கும் பொறுப்பான துணை ரெக்டர் பேராசிரியர் பெஷேவ் கலைப்பீடத்தை மொத்தமாகக் கூட்டிவைத்து ஒரு பேச்சுப் பேசினார். நான்தான் குறிப்பெடுத்தேன், அதனால் சொல் மாறாமல் தருகிறேன்.

"உங்க புத்தகத்தையெல்லாம் நான் படிக்கிறதில்லைன்னு சில பேர் குறை சொல்றாங்க. படிச்சா பிடிச்சுப்போகும், இல்ல பிடிக்காமப் போகும். ரெண்டுமே பாரபட்சம். புள்ளிக்குப் பாரபட்சம் கிடையாது. போன வருஷம் நான் நாப்பத்தியோரு கட்டுரை போட்டேன். கூட எழுதினவங்கள்ல பாதிப் பேரை எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் என்னைத் தெரியாது. சர்வதேச ஒத்துழைப்புன்னா அதுதான்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெலிச்கா மாங்கு மாங்கென்று உட்கார்ந்து, நெடெல்கோவையும் இன்னும் பத்துப் பாதிரிகளையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். வெளியே அனுப்புமுன் பல்கலைக்கழகத்தின் திருட்டுக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் போட வேண்டும் என்பது விதி. அது எல்லா மொழியும் படிக்கும். போட்டாள். எண்பத்தியொரு விழுக்காடு திருட்டு என்று சிவப்பாக வந்தது. எங்கிருந்து திருடினாள்? வெலிச்கா ஹலாச்சேவா எழுதிய எழுநூறு பக்கப் புத்தகத்திலிருந்து.

"ஏன்டீ ஸ்லாவ்கா, என் வீட்டுல நானே திருட முடியுமா?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

"சாவி போட்டுத் திறந்தியா, பூட்டை உடைச்சியான்னு பாப்பாங்க," என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். ஆனால் மறுநாள் சட்ட ஆலோசகர் க்ரூமோவ் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர்: வெலிச்கா ஹலாச்சேவா. பாதிக்கப்பட்டவர்: வெலிச்கா ஹலாச்சேவா. விசாரணை முடியும்வரை இரு தரப்பும் ஒருவரையொருவர் சந்திக்கவோ பேசவோ கூடாது.

"அப்போ நான் கண்ணாடி பாக்கலாமா, கூடாதா?" என்று க்ரூமோவிடமே கேட்டாள் வெலிச்கா.

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தெளிவா இல்லை. பாக்காம இருக்கிறது நல்லது," என்றார்.

விசாரணை அறையில் இரண்டு நாற்காலி. இடதுபக்கம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, வலதுபக்கம் பாதிக்கப்பட்டவருக்கு. பாதிக்கப்பட்டவர் நாற்காலிக்கு மெத்தை உண்டு. பெஷேவ் தலைமை. வெலிச்காவை முதலில் இடதுபக்கம் உட்காரவைத்தார்கள்.

"நீங்க எடுத்தது இவங்களுக்குத் தெரியுமா?" என்று எதிர் நாற்காலியைக் காட்டிக் கேட்டார் க்ரூமோவ்.

"தெரியாம எப்படி இருக்கும்?"

"ஆமா, இல்லைன்னு சொல்லுங்க."

"ஆமா."

"இப்போ அந்தப் பக்கம் போங்க." போனாள். "உங்களுக்கு மன உளைச்சல் ஏற்பட்டுதா?"

"இப்போதான் ஏற்படுது."

"அவங்களை மன்னிக்கிறீங்களா?"

"மன்னிச்சுட்டேன் சார், விடுங்க."

க்ரூமோவ் பெஷேவின் காதில் ஏதோ சொன்னார். பெஷேவ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இவ்வளவு சீக்கிரமா மன்னிச்சா ரெண்டு பேரும் கூட்டுன்னு சந்தேகம் வருது மேடம். கொஞ்சம் யோசிச்சு மன்னிங்க."

பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்கள், அவள் யோசிப்பதற்காக. காபி மெஷினிடம் போய் நின்று யோசித்தாள். திரும்பி வந்து மன்னித்தாள். தீர்ப்பு: கட்டுரை போகலாம், ஆனால் அதில் இருக்கிற எதுவும் ஏற்கெனவே எங்கும் இருந்த மாதிரி இருக்கக் கூடாது.

"பாதிரிங்க எழுதினதை அப்படியேதான சார் குடுக்கணும்? அது மேற்கோள்," என்றாள் வெலிச்கா.

"மேற்கோள் பதினஞ்சு விழுக்காட்டுக்கு மேல போகக் கூடாது. அந்தப் பாதிரி சொன்னதையே நீங்களும் சொன்னா, நீங்க எதுக்கு மேடம்? நாங்க பாதிரிக்கே சம்பளம் குடுத்துடலாமே," என்றார் பெஷேவ். குழு சிரித்தது. சிரித்ததாகக் குறிப்பில் எழுதினேன்.

கட்டுரையை வெளிநாட்டில் நடக்கிற ஓர் இதழ் எடுத்துக்கொண்டது. 'பன்னாட்டு விளிம்பியல் முன்னேற்ற இதழ்' என்று பெயர். பட்டியலில் நல்ல உயரத்தில் இருந்தது. ஆசிரியர் லோதர் என்பவர் வீடியோவில் வந்தார். எங்கள் பீடத்தின் கம்ப்யூட்டரில் வெலிச்கா உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் நின்றேன். லோதர் சிரித்த முகமாகக் கேட்டார்: ஒற்றுமை விழுக்காடு அதிகமாக இருக்கிறது, எங்களிடம் ஒரு புத்தாக்கச் சேவை உண்டு, மெஷின் மேற்கோள்கள் உட்பட எல்லாவற்றையும் புதுச் சொற்களில் மாற்றிவிடும், சம்மதமா?

வெலிச்கா அதிர்ந்துபோய் மோவாயைத் தூக்கித் தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டினாள். "இல்லை, இல்லவே இல்லை" என்று வாயாலும் சொன்னாள். அந்தக் கம்ப்யூட்டரின் மைக் செத்து மூன்று வருஷம் ஆகிறது. புது மைக் கேட்டு நான் போட்ட மனு இன்னும் எங்கோ மேஜைமேல் இருக்கிறது. தலையை மேலும் கீழும் ஆட்டினால் மாட்டேன் என்று எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்குத் தெரியும். லோதருக்குத் தெரியவில்லை. உலகத்தில் பாக்கிப் பேரெல்லாம் அப்படி ஆட்டினால் சரி என்று அர்த்தமாமே. அவர் முகம் மலர்ந்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு மறைந்துபோனார்.

மறுநாள் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "உங்கள் உற்சாகமான சம்மதத்துக்கு நன்றி. மாற்றிய வடிவம் இணைப்பில். மறுப்பு இருந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சொல்லவும்."

வெலிச்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். நெடெல்கோ இருந்த இடத்தில் இது இருந்தது:

"வரலாற்றுப் பங்காளர் ஒருவர் தம் குடும்ப அலகில் மக்கள்தொகைக் குறைவை எதிர்கொண்டார். மனிதவளப் பற்றாக்குறை நிலவிய பாதகமான தட்பவெப்பச் சூழலில் நிலத்தகழ்வைச் சுயமாக நிர்வகித்தார்."

"ஸ்தானா எங்கடீ?" என்றாள். "குழந்தை எங்க? கை நடுங்கினது எங்க? நான் எழுதிடறேன், மாட்டேன்னுதான் தலையாட்டினேன்னு."

நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்குக் குறிப்பெடுக்க அன்றைக்கு ஆளில்லை. "சும்மா இரு. செத்து முந்நூறு வருஷம் ஆச்சு, அவளுக்கு என்ன தெரியப்போகுது? உனக்குத்தான் ஒன்பது வருஷம் இருக்கு. ரெண்டு நாள் வாயைத் தைச்சுக்கோ."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாடிக்குப் போனாள். நாற்பத்தெட்டு மணி நேரம் கடந்தது. கட்டுரை வெளிவந்தது. சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தோம், இரண்டு விழுக்காடு. அந்த இரண்டும் அவள் பெயர்.

பெஷேவ் அவளுக்கு விழா எடுத்தார். பிளாஸ்டிக் கோப்பைகளில் போசா ஊற்றி, "சொந்தக் குரலைக் கண்டுபிடிச்ச ஆய்வாளர்" என்று வாழ்த்தினார். ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. மூன்றாம் மாடி ஹீட்டரைக்கூட ஆள் விட்டுப் பழுது பார்த்தார்கள். வெலிச்காவுக்கு என்னமோ சூடான அறையில் உட்காரவே பிடிக்கவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பாள். என்னைக் கண்டால் பேசுவாள், ஆனால் பாதிரிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். எனக்கு அது உறுத்தியது. சரியாகப் போய்விடும் என்று இருந்தேன்.

சரியாகப் போகவில்லை. ஒரு வருஷம் கழித்து ஒரு கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். வேறொரு நாட்டில் யாரோ எழுதியது, வெலிச்காவை ஆதாரம் காட்டி. பால்கன் பாதிரிகள் பகுதிநேரமாக நிலம் தோண்டும் தொழில் நடத்தினார்களாம். அதுதான் எங்கள் பக்கத்துத் தொழில்முனைவோர் வர்க்கத்தின் தொடக்கமாம். அதை ஆதாரம் காட்டி ஏற்கெனவே ஒன்பது கட்டுரைகள் வந்துவிட்டனவாம்.

"மகளுக்குக் குழி தோண்டினாருடீ அந்த மனுஷன்," என்றாள் வெலிச்கா. சத்தமில்லாமல் கண்ணீர் கொட்டியது. "காண்ட்ராக்ட் எடுத்தாராம்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடினேன்.

அவள் ஒரு காரியம் செய்தாள். பீடத்தின் ஆண்டு மலருக்கு, யாரும் படிக்காத, புள்ளியே இல்லாத மலருக்கு, ஒரே ஒரு பக்கம் கொடுத்தாள். மேலே புத்தக ஓரத்தின் புகைப்படம். கீழே அந்த ஆறு வரி, உள்ளது உள்ளபடி. எழுதியவர்: பாதிரி நெடெல்கோ. பதிப்பித்தவர்: வெ. ஹலாச்சேவா.

மலரையும் சாஃப்ட்வேரில் போட வேண்டும் என்பது விதி. இதற்குள் புதுப் பதிப்பு வாங்கியிருந்தார்கள். இது சொல்லைப் பார்க்காது, கருத்தைப் பார்க்கும். தொண்ணூற்றாறு விழுக்காடு என்று சிவப்பாக வந்தது. அதோடு ஒரு குறிப்பு: "இந்தப் பிரதி ஹலாச்சேவாவின் கட்டுரையிலுள்ள கருத்தைத் தரம் குறைந்த நடையில் நகலெடுத்துள்ளது. அசலில் இல்லாத பெயர் ஒன்று செருகப்பட்டுள்ளது."

க்ரூமோவ் நோட்டீஸ் அனுப்பினார். குற்றஞ்சாட்டப்பட்டவர்: பாதிரி நெடெல்கோ. பாதிக்கப்பட்டவர்: வெலிச்கா ஹலாச்சேவா. பாதிரிக்கு நோட்டீஸ் பதிவுத் தபாலில் அவர் கோயில் முகவரிக்கே போனது. "முகவரியில் அப்படி ஆள் இல்லை" என்று தபால்காரர் எழுதித் திருப்பி அனுப்பினார். வர மறுத்தார் என்று க்ரூமோவ் என்னைப் பதிவு செய்யச் சொன்னார். செய்தேன்.

விசாரணை மார்ச் பதினான்கு. குழுவில் எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாக, மார்ச் மாதம் நல்லதுக்கென்று கட்டுகிற மார்த்தெனித்சா நூல் இருந்தது. அதே இரண்டு நாற்காலி. பெஷேவ் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"ஹலாச்சேவா மேடம், முதல்ல வாழ்த்துக்கள். உங்களைக் காப்பியடிக்கிற அளவுக்கு வளந்துட்டீங்க. திருட்டுப் போனா தாக்கம்னு அர்த்தம், தாக்கத்துக்குப் புதுப் பட்டியல்ல தனிப் புள்ளி உண்டு. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். உங்க கட்டுரையில இருக்கிறதுதான் அசல்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அந்தப் பழைய புத்தகத்தோட படத்தை நூலகத் தளத்துலேருந்து எடுத்துடுவோம். 'ஐயத்துக்குரிய நகல்'னு அட்டையில முத்திரை வச்சுடுவோம். வாங்க, உக்காருங்க."

மெத்தை வைத்த நாற்காலியைக் கையால் காட்டினார்.

வெலிச்கா எழுந்தாள். நேராகப் போய் இடதுபக்க நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது குற்றஞ்சாட்டப்பட்டவர் நாற்காலி மேடம்," என்றார் க்ரூமோவ்.

"தெரியும். அவரால வர முடியலை. அவருக்காக நான் வந்திருக்கேன்."

க்ரூமோவ் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பிரதிநிதி வரக் கூடாது என்று எங்கும் இல்லை போலிருக்கிறது. பெருமூச்சு விட்டுவிட்டுக் கேட்டார்: "பெயர்?"

"நெடெல்கோ."

"பதவி?"

"பாதிரி."

"குடும்பம்?"

"ஒரு மகள். ஸ்தானா. செத்துப்போயிட்டா. நான்தான் குழி தோண்டினேன்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். பெஷேவ் குரலைத் தாழ்த்தினார். "மேடம், விளையாடாதீங்க. அந்தக் கட்டுரை உங்க சொந்த வார்த்தைதானே? ஆசிரியர் கேட்டப்போ நீங்க சம்மதிச்சீங்க. பதிவு இருக்கு. தலையாட்டினீங்க."

வெலிச்கா மோவாயைத் தூக்கித் தலையை மேலும் கீழும் மெதுவாக ஆட்டினாள், எல்லாரும் பார்க்கும்படி. "இப்படித்தான் ஆட்டினேன். நீங்க எந்த ஊர்ல பொறந்தீங்க சார்? உங்க அம்மா இப்படி ஆட்டினா சரின்னா அர்த்தம்?"

பெஷேவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவருக்கா தெரியாது? அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். "அப்புறம் ஏன் ரெண்டு நாள்ல மறுப்புச் சொல்லலை?" என்றார்.

இந்த இடத்தில் அவள் என்னைப் பார்க்கலாம். என் பெயரைச் சொல்லலாம். என் பேனா நின்றுவிட்டது.

"என் தப்பு," என்றாள் வெலிச்கா. "வேலை போயிடும்னு பயந்தேன். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

கட்டுரை போனால் புள்ளி போயிற்று. புள்ளி போனால் ஒப்பந்தம் செல்லாது. பெஷேவ் அதை இரண்டுதரம் எடுத்துச் சொன்னார், கடைசியில் கெஞ்சவே செய்தார், ஏனென்றால் அவளுடைய தாக்கப் புள்ளியில் பீடத்துக்கும் பங்கு இருந்தது. அவள் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். புத்தகத்தின் படம் நூலகத் தளத்தில் இருந்தபடியே இருக்கும் என்று குழு முடிவு செய்தது, பாதிக்கப்பட்டவர் பக்கம் வாதிட ஆளில்லாத வழக்கு என்பதால். வெலிச்கா அன்றைக்கே சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஹீட்டர் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின் குறிப்பைச் செம்மை செய்ய உட்கார்ந்தேன். முடிவு, தேதி, கையெழுத்து, எல்லாம் விதிப்படி இருந்தது. இடதுபக்கத்தில் மூன்று சென்டிமீட்டர் வெள்ளையாகக் கிடந்தது. துளை போடுகிற மெஷினைக் கையில் எடுத்தேன். மறுபடி கீழே வைத்தேன். பேனாவை எடுத்து, தாளைப் பக்கவாட்டில் திருப்பி, அந்த ஓரத்தில் பொடிப்பொடியாக எழுதினேன்:

"இன்று வெலிச்காவை வேலையிலிருந்து எடுத்தார்கள். வாயைத் தைத்துக்கொள் என்று அவளிடம் சொன்னவள் ஸ்லாவ்காவாகிய நான். என்னை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் எழுந்து சொல்லவில்லை. படிக்கிறவர்களே, திட்டுங்கள். கை நன்றாகத்தான் இருந்தது."